ஒரே கலத்தில் உண்டவர்

மொலோக்காய்த் தீவின் புனித தமியான் வாழ்க்கை வரலாறு



ஜூபிலி விழா என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆடம்பரத் திருப்பலி, அன்பின் விருந்து ஆகியவை நம் கண்முன் வருகின்றன. இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் ஜூபிலி ஆண்டைப் பற்றிச் சொல்லும்போது வேறொன்றை வற்புறுத்துகிறது. நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்கும், குடும்பத்தை இழந்தவன் தன் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும் என்கிறது. பிரிந்தவர் ஒன்று சேர வேண்டும். இதுவே ஜூபிலியின் உட்பொருள்.

இந்த மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, இந்த உட்பொருளையே மனத்தில் வைத்து யோசித்தேன். தம் குடும்பத்துக்கு ஒருபோதும் திரும்ப முடியாதபடி கடலுக்கு நடுவே தள்ளப்பட்ட மக்களிடம் தாமே சென்று, அவர்களுக்குக் குடும்பமாக இருந்து, அவர்களுள் ஒருவராகவே இறந்த ஒரு குருவானவர் நினைவுக்கு வந்தார். அவரே மொலோக்காய்த் தீவின் புனித தமியான்.

பெருங்கடலின் நடுவே ஒரு குலம்

பசிபிக் மாகடலின் நடுவே, எந்தக் கண்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருப்பவை ஹவாய்த் தீவுகள். எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி எழுந்த தீவுகள் அவை. திசைகாட்டும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பறவைகள் பறக்கும் திசையையும் வழிகாட்டியாகக் கொண்டு, இரட்டைத் தோணிகளில் வந்து இத்தீவுகளில் குடியேறியவர்கள் பொலினீசிய இனத்தார். சேம்பு, கரும்பு, வாழை, தென்னை, கோழி, பன்றி ஆகியவற்றை அவர்கள் தோணியிலேயே ஏற்றிக் கொண்டு வந்தார்கள்.

நமக்குச் சோறு எப்படியோ அப்படி அவர்களுக்குச் சேப்பங்கிழங்கு. அதை வேகவைத்து, கல்லால் இடித்து, நீர் விட்டுப் பிசைந்து கூழாக்குவார்கள். அதற்குப் போய் என்று பெயர். வீட்டின் நடுவே மரத்தால் செய்த ஒரே கலத்தில் அது வைக்கப்படும். சுற்றி அமர்ந்த அனைவரும் விரலால் தோய்த்து உண்பார்கள். இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழங்கதை உண்டு. ஆதித் தகப்பனுக்கு முதலில் பிறந்த குழந்தை உயிரற்றுப் பிறந்ததாம். அதைப் புதைத்த இடத்தில் முளைத்ததே சேம்பு. இரண்டாவதாகப் பிறந்த மகன்தான் மனித குலத்தின் மூதாதை. ஆகவே சேம்பு மனிதனுக்கு அண்ணன். அண்ணன் தம்பியைப் போஷிக்கிறான். அந்த அண்ணனைச் சுற்றி அமர்ந்து உண்பவர்களே ஒரு குடும்பம். குடும்பத்தை அவர்கள் ஓஹானா என்பார்கள். பெற்றோர், பிள்ளைகள் மட்டுமல்ல, உற்றார், உறவினர், வளர்க்க எடுத்த பிள்ளைகள் அனைவரும் அதற்குள் அடக்கம்.

பழைய சட்டத்தின்படி ஆண்களும் பெண்களும் சேர்ந்து உண்ணலாகாது. 1819-ஆம் ஆண்டில் இளம் அரசர் இரண்டாம் கமேகமேகா, விருந்து ஒன்றில் பெண்களின் பந்தியில் போய் அமர்ந்து உண்டார். அந்த ஒரு செயலால் பழைய சட்டம் முழுவதும் சரிந்தது. சேர்ந்து உண்பது அம்மக்களிடையே எவ்வளவு பெரிய காரியம் என்பதை இதனால் அறியலாம்.

குடும்பத்தைப் பிரிக்கும் நோய்

1778-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் அங்கே போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின் வணிகர்களும் திமிங்கில வேட்டைக்காரர்களும் வந்தனர். கப்பல்களோடு அத்தீவினர் உடல் அறியாத நோய்களும் வந்தன. பால்வினை நோய்களும், தட்டம்மையும், பெரியம்மையும் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயின. முன் சொன்ன அரசரும் அவருடைய அரசியாரும் 1824-இல் இலண்டன் மாநகருக்குச் சென்றிருந்தபோது தட்டம்மை கண்டு அங்கேயே மாண்டனர். குக் வந்த காலத்தில் இரண்டு லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை இருந்ததாகப் பலவாறு மதிப்பிடப்படும் அந்நாட்டு மக்கள் தொகை, 1872-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வெளிநாட்டாரையும் சேர்த்து சுமார் 57,000 ஆகக் குறைந்துவிட்டது.

இவ்வாறு வந்த நோய்களுள் ஒன்று தொழுநோய். அதற்கு அன்று மருந்து இல்லை. அச்சம் மிகுந்த அரசாங்கம் 1865 ஜனவரி 3-ஆம் நாள் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நோய் கண்டவர்களைப் பிடித்து, மொலோக்காய்த் தீவின் வடகரையிலுள்ள கலாவுபாப்பா என்னும் நிலமுனைக்கு அனுப்ப வேண்டும். அதன் மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காம் பக்கம் ஏறக்குறைய 2,000 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் மலைச்சுவர். காவலரே வேண்டாத சிறை அது. 1866 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, முதன்முதலாக ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் அங்கே இறக்கிவிடப்பட்டார்கள்.

தாயிடமிருந்து பிள்ளையும் கணவனிடமிருந்து மனைவியும் பிடுங்கப்பட்டனர். அரசி எம்மாவின் உறவினரான பீட்டர் கயேயோ என்ற பிரபுவும் தப்பவில்லை. அம்மக்கள் இந்நோய்க்கு இட்ட பெயர்களுள் ஒன்றின் பொருள், குடும்பத்தைப் பிரிக்கும் நோய் என்பது. விரல்கள் அழுகுவதை அவர்கள் அவ்வளவு பெரிதாக எண்ணவில்லை. கலத்தைச் சுற்றி அமர்ந்த வட்டத்திலிருந்து தள்ளப்பட்டதையே பெரிதாக எண்ணினார்கள்.

ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். தமியான் வருவதற்கு முன்பே அங்கே அன்பு இருந்தது. நோயற்ற மனைவியர் சிலர் கணவரோடும், கணவர் சிலர் மனைவியரோடும் தாமாகவே அந்த இடத்துக்குப் போனார்கள். இவர்களைக் கோக்குவா, அதாவது உதவியாளர், என்று அழைத்தனர். அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்து வந்த குடிகள் சிலரும் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். நம் பிரிந்த சகோதரர்களாகிய சீர்திருத்த சபையைச் சேர்ந்த நோயாளிகள் 1866-லேயே சிலோவாம் குளத்தின் பெயரால் ஒரு சபையைத் தொடங்கி, பின்னர் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். பெயர் தெரியாத இவர்களெல்லாம் நம் புனிதருக்கு முன்னோடிகள்.

திரமலோ ஊரின் மகன்

பெல்ஜியம் நாட்டில் திரமலோ என்னும் சிற்றூரில், தானிய வணிகம் செய்த தே வெஸ்டர் என்பாரின் குடும்பத்தில், 1840 ஜனவரி 3-ஆம் நாள் ஏழாவது குழந்தையாக நம் புனிதர் பிறந்தார். திருமுழுக்கில் சூசையப்பரின் பெயரைப் பெற்றார். வணிகத்துக்குத் துணையாவான் என்று தந்தை நம்பியிருந்த மகன், 1859-ஆம் ஆண்டு இயேசு மரி திரு இருதயங்களின் சபையில் சேர்ந்து, தமியான் என்ற துறவறப் பெயரை ஏற்றார். அவருடைய அண்ணன் பம்பிலுஸ் ஏற்கனவே அதே சபையில் இருந்தார்.

ஹவாய்க்குப் போகக் குறிக்கப்பட்டவர் அண்ணன்தான். ஆனால் லூவேன் நகரில் பரவிய நச்சுக் காய்ச்சலில் விழுந்தவர்களைக் கவனித்து, அந்நோயில் தாமும் விழுந்தார். உடனே தம்பி தலைமை இல்லத்துக்கு நேரே எழுதி, அண்ணன் இடத்தில் தம்மை அனுப்பும்படி வேண்டிக்கொண்டார். அப்போது அவர் குருப்பட்டம்கூடப் பெறவில்லை. அனுமதி கிடைத்தது. 1863 இறுதியில் கப்பலேறி, 1864 மார்ச் 19-ஆம் நாள், சூசையப்பர் திருநாளன்று ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். அவ்வாண்டு மே 21-ஆம் நாள், பவளப் பாறைக் கற்களால் கட்டப்பட்ட சமாதான அன்னை பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார்.

பிறகு ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவின் பூனா, கொகாலா பகுதிகளில் பணியாற்றினார். குதிரையிலும் கால்நடையாகவும் எரிமலைச் சரிவுகளைக் கடந்து, சிதறிக் கிடந்த ஊர்களைச் சந்தித்தார். தம் கையாலேயே மரம் சுமந்து சிற்றாலயங்களைக் கட்டினார். அவர்கள் மொழியைக் கற்றார். அவர் பெயரை உச்சரிக்க அம்மக்களின் நாவு வளையவில்லை. ஆகவே கமியானோ என்று அழைத்தார்கள். அவருடைய பங்கிலிருந்தும் நோயாளிகள் பிடித்துச் செல்லப்பட்டதைத் தம் கண்ணால் கண்டார்.

தாழை மரத்தின் அடியில்

1873 மே மாதத் தொடக்கத்தில் மாவுயித் தீவில் புதிய கோயில் ஒன்றின் அபிஷேகத்துக்குக் குருக்கள் கூடியிருந்தனர். மேதகு ஆயர் மெக்ரே ஆண்டகை, மொலோக்காயில் குருவின்றி இறந்துகொண்டிருக்கும் நோயாளிகளைப் பற்றி வருத்தத்துடன் பேசினார். ஒருவரை அங்கே நிரந்தரமாக இருக்கக் கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு குருக்கள் முறைவைத்துப் போய் வரத் தாமாக முன்வந்தனர். முதல் முறை தமியானுக்கு. தம் பங்குக்குத் திரும்பி விடைபெற்றுக் கொள்ளாமலே, அங்கிருந்தே புறப்பட்டார். மே 10-ஆம் நாள், ஆயரோடும் சுமார் ஐம்பது நோயாளிகளோடும் கலாவுபாப்பா கரையில் இறங்கினார். அவருக்கு வயது முப்பத்துமூன்று.

முறைவைத்துப் போன மற்ற மூவருக்கும் வேலை வரவில்லை. தாம் அங்கேயே தங்கிவிட விரும்புவதாகத் தமியான் சில நாளிலேயே எழுதிவிட்டார். நோயாளிகளும் அவரையே கேட்டார்கள். இவ்வாறு சில வாரங்களுக்கென்று போனவர் பதினாறு ஆண்டுகள் இருந்தார்.

அங்கே கலாவாவோ என்ற இடத்தில், முந்தின ஆண்டு கட்டப்பட்ட புனித பிலோமினம்மாள் சிற்றாலயம் இருந்தது. குருவுக்கு வீடு இல்லை. கோயிலின் அருகே நின்ற தாழை மரத்தின் அடியில் படுத்துறங்கினார். பகலில் தச்சராகவும், கொத்தராகவும், மருத்துவப் பணியாளராகவும், வெட்டியானாகவும் வேலை செய்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்து, குழி வெட்டி, கல்லறைத் தோட்டம் அமைத்து, மனிதருக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்தார். மலைப்பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது. புயலில் குடிசைகள் விழுந்தபின் பலகை வீடுகள் எழுந்தன. அனாதைச் சிறுவர் சிறுமியருக்கு இல்லங்கள் தோன்றின. வாத்தியக் குழு, பாடகர் குழு, இடைவிடா நற்கருணை ஆராதனை ஆகியவையும் தொடங்கின. மரமும் துணியும் மருந்தும் கேட்டு அவர் சுகாதார அதிகாரிகளை விடாமல் நச்சரித்தார். அவர் முன்கோபக்காரர், பிடிவாதக்காரர். அதிகாரிகளும் சபை மேலாளர்களும் அவரால் பலமுறை சலித்துக்கொண்டதுண்டு. புனிதர்கள் குறையின்றிப் பிறப்பதில்லை.

ஒரே கலம்

நோயாளிகளைத் தொடாமல் இருக்க வேண்டும், அவர்கள் தரும் உணவை உண்ணலாகாது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. தொடக்கத்தில் அந்த அழுகல் நாற்றத்தை அவராலும் தாங்க முடியவில்லை. அதற்காகவே புகைக்குழாய் பிடிக்கத் தொடங்கினார். ஆனால் அம்மக்கள் வீட்டுக்குப் போனால், நடுவே போய்க் கலம் இருக்கும். விரலற்ற கைகள் அதற்குள் தோயும். அதில் கை வைக்காமல் எழுந்து போகிறவன் அந்த வீட்டுக்கு அந்நியன். தமியான் உட்கார்ந்தார், அதே கலத்தில் விரல் தோய்த்து உண்டார். புகைக்குழாயையும் அவர்கள் கேட்டால் கொடுத்து வாங்கினார். இதை அறிவின்மை என்று அக்காலத்திலேயே சிலர் பழித்தார்கள். சுகாதார விதிப்படி அவர்கள் சொன்னது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் குடும்பத்தைப் பிரிக்கும் நோய்க்கு அவர் கண்ட மருந்து அதுவாகத்தான் இருந்தது.

திருப்பலிக்கு வரச் சிலர் கூச்சப்பட்டார்கள். நோயினால் வாயில் எச்சில் ஊறி வழியும். அடிக்கடி துப்ப வேண்டும். கோயிலுக்குள் எப்படித் துப்புவது? தமியான் அவர்களைக் கண்டிக்கவும் இல்லை, வெளியே நிற்கச் சொல்லவும் இல்லை. கோயிலின் பலகைத் தரையில் இருக்கைகளின் அருகே துளைகள் வெட்டினார். இலையைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே துப்பிவிட்டு, அவர்கள் முழந்தாளிட்டு ஜெபித்தார்கள். அந்தத் துளைகள் அக்கோயிலில் இன்றும் இருக்கின்றன. ஆலயத்தை அழகுபடுத்தியவர்கள் பலர் உண்டு. கூச்சப்பட்டவன் உள்ளே வருவதற்காக ஆலயத் தரையையே வெட்டியவர் இவர்.

தமக்கென்று ஒரு குருவும் இல்லாமல் அவர் பட்ட வேதனையும் சிறிதல்ல. அவருடைய சபைத் தலைவர் ஒருமுறை கப்பலில் வந்தபோது, இறங்கவோ, தமியானை ஏற்றிக்கொள்ளவோ கப்பல் தலைவர் விடவில்லை. தோணியில் நின்றபடி, கப்பலின் மேல்தளத்தில் நின்றவரை நோக்கி, உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்தார் தமியான். நமக்கோ பாவசங்கீர்த்தனத் தொட்டி பத்தடி தூரத்தில் இருக்கிறது!

அவரும் தொழுநோயாளர்

தொழுநோயாளராகிய நாம் என்றே தொடக்கமுதல் அவர் பிரசங்கத்தில் பேசி வந்தார். 1884 டிசம்பரில் ஒருநாள் கொதிநீரில் கால் வைத்தார். தோல் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. அடுத்த ஆண்டு மருத்துவரும் உறுதிப்படுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்த சொல் இப்போது உடலிலும் மெய்யாயிற்று.

ஒழுக்கக் கேட்டினால் வரும் நோய் இது என்று அந்நாளில் பல மருத்துவர் நம்பினர். ஆகவே அவரது கற்பைப் பற்றியே கேள்விகள் எழுந்தன. அந்த அவமானம் நோயைவிட அவரை வருத்தியது. ஆயினும் வேலையை நிறுத்தவில்லை. 1886-இல் அமெரிக்கரான சகோதரர் ஜோசப் டட்டனும், 1888-இல் பெல்ஜியக் குருவானவர் கொன்ராடியும், அன்னை மரியான் கோப்பும் அவருடைய பிரான்சிஸ்கன் சகோதரிகளும் வந்து சேர்ந்தார்கள். தமது பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, 1889 ஏப்ரல் 15-ஆம் நாள், புனித வாரத்தின் திங்கட்கிழமையன்று, நாற்பத்தொன்பதாம் வயதில் தமியான் இறைவனடி சேர்ந்தார். முதல் இரவுகளில் படுத்துறங்கிய தாழை மரத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்த பின்னும் பழி ஓயவில்லை. ஹொனலூலுவில் இருந்த ஹைட் என்ற போதகர் அவரை இழித்து எழுதிய கடிதம் அச்சாயிற்று. அதற்கு 1890-இல் பகிரங்கக் கடிதம் எழுதிப் பதிலளித்தவர் கத்தோலிக்கர் அல்லர். புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். தமியான் இறந்த மறுமாதமே கலாவுபாப்பாவுக்குச் சென்று சில நாள் தங்கி, நேரில் விசாரித்தவர் அவர். தமியானின் குறைகளை மறைக்காமலே அவருடைய பெருமையை உலகறியச் செய்தார்.

1936-இல் தமியானின் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. தம் தகப்பனைத் தங்களிடமிருந்து பிரித்துவிட்டார்களே என்று கலாவுபாப்பா மக்கள் துயருற்றனர். 1995-இல் பாப்பிறை இரண்டாம் அருள் சின்னப்பர் தமியானுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபின், அவருடைய வலது கை அத்தீவுக்குத் திரும்பி வந்து, பழைய கல்லறையிலேயே வைக்கப்பட்டது. கலத்தில் தோய்ந்த கை தன் குடும்பத்துக்குத் திரும்பிவிட்டது. 2009 அக்டோபர் 11-ஆம் நாள் பாப்பிறை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் கரையிறங்கிய மே 10-ஆம் நாளே அவரது திருநாள். அன்னை மரியான் கோப்பும் 2012-இல் புனிதரானார்.

நமது கலம்

1940-களில் தொழுநோய்க்கு மருந்து வந்தது. மக்களைப் பிரித்து வைக்கும் சட்டம் ஹவாயில் 1969-இல்தான் நீங்கியது. அதற்குள் சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தனர். நம் நாட்டுக்கும் இதில் ஓர் உறவு உண்டு. 1955-இல் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ், செங்கற்பட்டுப் பகுதியில் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மருத்துவ நிலையம் தொடங்கினார். நோயாளிகளை ஊரைவிட்டுப் பிரிக்காமல், அவர்கள் ஊருக்கே வண்டியில் சென்று, சாலையோர மரத்தடியில் மருந்து கொடுத்தார். தமியானின் பெயரால் 1964-இல் பெல்ஜியத்தில் தோன்றிய அறக்கட்டளையும் இந்தியாவில் இப்பணியில் ஈடுபட்டது. இன்று இந்நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து கிடைக்கிறது, முற்றிலும் குணமாகிறது.

இதையெல்லாம் எழுதும் நான் ஓர் உண்மையைச் சொல்லாவிட்டால் பாவசங்கீர்த்தனம் நிறைவுறாது. குருப்பட்டம் பெற்ற முதல் ஆண்டில், வேறொரு ஊரில், நோய் குணமான ஒரு பெரியவர் வீட்டை மந்திரிக்கப் போனேன். மழுங்கிய விரல்களால் டம்ளரைப் பிடித்து எனக்குக் காப்பி கொடுத்தார். அவருக்கு நோய் இல்லை என்று நான் அறிவேன். ஆயினும் இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறை போனபோது அவர் காப்பி தரவே இல்லை. தமியானின் திருநாள் வரும்போதெல்லாம் அந்த டம்ளர் என் கண்முன் நிற்கிறது.

அன்புள்ள பங்கு மக்களே, நம் ஊரில் எவருடைய டம்ளரை நாம் தள்ளி வைத்திருக்கிறோம்? கோயிலுக்குள் வரக் கூசி வெளியே நிற்பவர் யார்? நோயாலோ, சாதியாலோ, வறுமையாலோ, பழைய பகையாலோ நம் பந்தியிலிருந்து எழுந்து போனவர் யார்? ஜூபிலி நாளன்று அன்பின் விருந்துக்கு இலை போடுவோம். அதற்கு முந்தின நாளே அவர்கள் வீட்டுக்கு நாம் போக வேண்டும். போனால், அவர்கள் தருவதை வாங்கி உண்ண வேண்டும். அப்போதுதான் பிரிந்தவர் திரும்புவர். நம் ஜூபிலி மெய்யான ஜூபிலியாகும்.

புனித தமியானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இயேசுவில் அன்புள்ள,
உங்கள் பங்குத் தந்தை